வரிசையில் வந்த கடற்கொள்ளையர்கள்

கடற்கொள்ளையர்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, வரிசையாக நின்று, "வணக்கம் துரைசாணி" என்று கைகூப்பிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன வாரம் சனிக்கிழமை, எங்கள் வீட்டு வாசலில்.

என் மகள் யாழினிக்கு எட்டு வயது நிறைந்தது. இந்த வருடம் இளவரசி வேண்டாம், பூனைக்குட்டி வேண்டாம்... கடற்கொள்ளையர் பார்ட்டிதான் வேண்டுமாம். கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், கடல் கண்ணுக்கே எட்டாத உயரத்தில்! முதலில் சிரித்தேன். பிறகு கத்தரிக்கோலும் கறுப்பு அட்டையுமாக உட்கார்ந்துவிட்டேன். வேறென்ன வேலை எனக்கு?

என் கணவர் இந்தத் தோட்டத்தின் உதவி மேனேஜர். கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகிறது. மேட்டில் எங்கள் பங்களா, கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகள். நடந்தால் பத்து நிமிடம்தான். ஆனால் இந்த ஒரு வருடத்தில் அங்கிருந்து ஒருவர்கூட என் வீட்டில் வந்து உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. வழியில் பார்த்தால் ஒதுங்கி நிற்பார்கள், சிரிப்பார்கள், துரைசாணி என்பார்கள். மேனேஜரைத் துரை என்பது இங்கே இன்னும் போகவில்லை. அவர் மனைவி துரைசாணி. சுமதி என்று கூப்பிட ஆளில்லை. மதியம் பனி இறங்கி ஜன்னலை மூடும்போது, யாரிடமாவது பேச மாட்டோமா என்று இருக்கும். அப்போதுதான் உங்களுக்கு எழுத உட்காருவேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் நான் இவ்வளவு வாயாடுவதன் ரகசியம் இதுதான்.

யாழினி படிப்பது தானா ராத்தா டவுன் பள்ளியில். வகுப்புத் தோழிகள் ஆறு பேரை அழைத்தோம். ஆறு அம்மாக்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: சனிக்கிழமையா, ரோடு ஜேமாக இருக்குமே! சுற்றுலாக்காரர்களின் கார்களுக்கு நடுவே கோலா தெர்லாவைத் தாண்டி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் பார்ட்டியே முடிந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விடுமுறை நாளில் நானே வெளியே போவதில்லை.

சரி, லைன் பிள்ளைகளை அழைப்போம் என்றேன். யாழினிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பங்களா வேலியோரம் நின்று, கீழே அவர்கள் விளையாடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். எப்படி அழைப்பது? கிராணியிடம் சொல்லிவிடுகிறேன் என்றார் கணவர். கிராணி என்றால் ஆபீஸ் கிளார்க். வேலை சுலபமாக முடிந்ததே என்று நானும் தலையாட்டிவிட்டேன்... அங்கேதான் தப்பு செய்தேன்.

மும்முரமாக வேலை நடந்தது. பன்னிரண்டு தொப்பி, பன்னிரண்டு கண்மறைப்பு, அட்டையில் வாள்கள். தேயிலைப் பெட்டிகளை ஒட்டி ஒரு கப்பல். புதையல் வரைபடத்தைத் தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழசாக்கினேன் — இங்கே தேயிலைக்கா பஞ்சம்? தங்கத் தாள் சுற்றிய சாக்லேட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு தேயிலைச் செடியின் அடியில் ஒளித்து வைத்தேன்.

சரியாக நான்கு மணிக்குப் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிச் சீருடையில்! எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, முகத்தில் பவுடர். அம்மாக்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

தொப்பியைக் கொடுத்தேன், போட்டுக்கொண்டார்கள். கப்பலில் ஏறச் சொன்னேன், ஏறினார்கள். கேப்டன் யார் என்று கேட்டதும் பதினோரு விரல்களும் யாழினியைக் காட்டின. வாள் சண்டையில் அவள் வாள் படுமுன்பே ஒவ்வொருவராக விழுந்தார்கள். முதலில் அவளும் கெக்கலி கொட்டினாள். நான்காவது ஆள் விழுந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு புதையல் வேட்டை. தர்ஷினி என்று ஒரு பெண், அவளுக்கும் எட்டு வயதுதான். டின் அவள் காலடியில் பளபளப்பதை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு, "பாப்பா, இங்க வந்து பாருங்க" என்று யாழினியைக் கூப்பிட்டாள். தன் வயதுப் பெண்ணைப் போய் "பாருங்க" என்கிறாள்!

யாழினி டின்னை எடுக்கவில்லை. நேராக என்னிடம் வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, யாருமே என்கூட சண்டை போட மாட்றாங்கம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேக் வெட்டினோம், மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள், தட்டுகளைக்கூட அவர்களே கழுவ எடுத்துப் போனார்கள். ஐந்தரைக்கு வீடு காலி.

கேட்டருகே தர்ஷினியின் அம்மா பரமேஸ்வரியை நிறுத்தி, பிள்ளைகள் ஏன் இப்படிப் பயந்தார்கள் என்று கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"காலைல பெரட்டுல கிராணி சொன்னாரு துரைசாணி. புள்ளைங்கள நாலு மணிக்கு பங்களாவுக்கு அனுப்பணும்னு. வரலைன்னா பேர குறிச்சு வச்சுக்குவாங்களோன்னு நெனச்சோம் லா."

பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். அங்கே எந்தக் காட்டில் கொழுந்து பறிப்பு, எந்தக் காட்டில் மருந்தடிப்பு என்று சொல்லும் அதே குரலில் என் மகளின் பிறந்தநாளும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. விருந்துக்கு அழைத்தேன் என்று நான் நினைத்தேன். அவர்களுக்கு அது வேலை. கிராணியைச் சொல்லி என்ன பயன்? பத்து நிமிட தூரத்தை என் காலால் நடந்திருக்க வேண்டியவள் நான்தானே.

நேற்று நடந்தேன். யாழினியைக் கூட்டிக்கொண்டு, இரண்டு அட்டை வாள்களோடு. பரமேஸ்வரி வீட்டு வாசலில் நின்று, இவள் கொஞ்ச நேரம் இங்கே விளையாடலாமா என்று கேட்டேன். தர்ஷினி கால் மணி நேரம் மரியாதையாகத்தான் இருந்தாள். பிறகு அவள் இடம், அவள் ஆட்கள்... மரியாதை எங்கேயோ போய்விட்டது. திடீரென்று கூச்சல். யாழினி சேறும் அழுகையுமாக ஓடி வருகிறாள்.

"அம்மா, இவ என் வாள புடுங்கிட்டா. என்னைத் தள்ளியும் விட்டுட்டா."

பரமேஸ்வரி கையை ஓங்கிக்கொண்டு மகளை அடிக்கப் பாய்ந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க, சண்டை போடட்டும்" என்றேன். இந்த மலைக்கு வந்து நான் முதன்முதலாகத் தொட்ட கை அது. விட மனமில்லாமல் ஒரு நொடி கூடுதலாகவே பிடித்திருந்தேன்.

பரமேஸ்வரி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, துண்டால் துடைத்து எனக்குப் போட்டார். என்னைச் சுற்றி ஐந்தாறு பெண்கள். உட்காருங்கள் என்று எத்தனை முறை சொல்லியும், சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

யாழினிக்கு ஒரு சண்டைக்காரி கிடைத்துவிட்டாள். எனக்கு — நாற்காலி.