துவைக்கக் கூடாத சட்டை

என் தம்பி மாட்டோடு மாடாகவே பிறந்தவன் என்று ஊரில் பேசுகிறார்கள். பொய். சின்ன வயதில் மாட்டைக் கண்டால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவன் அவன். அப்பா போன பிறகு வீட்டில் மிஞ்சியது ஒரு கிடாரிக் கன்று. வேறு வழியில்லாமல் அதைக் கட்டிக்கொண்டு அழுதான். முப்பது வருஷத்தில் கொட்டிலில் பதினான்கு மாடு நின்றது.

அரசியலுக்கு வந்த கதையும் அப்படித்தான். எங்கள் பக்கத்து ஆறு ஊருக்கும் சேர்த்து ஒரு மாட்டு டாக்டர் கிடையாது. ஒரு வருஷம் காய்ச்சல் கண்டு ஒன்பது மாடு செத்தது. மனு மேல் மனுவாகக் கொடுத்துப் பார்த்தான். பதில் இல்லை.

"மனு வாங்குற நாற்காலியில நானே போய் உக்காந்துட்டா என்ன?" என்று கவிழ்த்த பால் கேன் மேல் உட்கார்ந்து கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டும் போட்டார்கள்.

ஜெயித்ததில் வீட்டுக்குள் ஒரு தொல்லை. மகாராணி என்கிற மூத்த பசு, அவன் கையைத் தவிர வேறு கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும். தம்பி பெண்டாட்டி கெட்டிக்காரி. அவன் சட்டசபைக்குப் போகிற நாளெல்லாம் அவனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கறந்தாள். வாசனைக்கு மகாராணி ஏமாந்தது. அந்தச் சட்டையில் தண்ணீர் படக் கூடாது.

அதை எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு வாரம் தங்கலாமென்று போயிருந்தேன். கொட்டில் ஆணியில் அது தொங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்தேன். வீட்டுத் துணியோடு சேர்த்துச் சோப்புப் போட்டுக் கசக்கி வெயிலில் காயவைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஒரு சொட்டுப் பால் வரவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. மடி கல்லாக இறுகி, தொட்டாலே மகாராணி உதைத்தது.

"என்ன அண்ணி, இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று தம்பி பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழுக்கா இருந்துச்சு, துவைச்சேன். அவனோட வேற சட்டையப் போட்டுக்கோ."

"எல்லாத்தையும்ல துவைச்சு வச்சிருக்கீங்க!"

அன்றைக்குத்தான் அவனுக்குச் சபையில் பேச முறை. டாக்டர் வேண்டுமென்று கேட்க, இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த ஐந்து நிமிஷம். போன் போட்டோம்.

"அக்கா, நான் இப்பவே கிளம்பி வர்றேன்."

"வந்தே, காலை ஒடிச்சிடுவேன். டாக்டரைக் கேக்காம வீட்டுப் படி ஏறாதே."

"மடி கெட்டுப்போனா மகாராணி பிழைக்காதுக்கா."

"வாசனைதான் வராது, குரல் வருமில்ல? பேசுடா, காதுல வைக்கிறேன்."

போனை மகாராணியின் காதோரம் பிடித்தேன். "என் தங்கம்... என் ராசாத்தி... விடுடி கண்ணு... அம்மாடி, விடுடி..." அவன் நின்றது சபை வாசலாம். இரண்டு அமைச்சர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்களாம். இவன் நிறுத்தவில்லை.

பசு காதை ஆட்டியது. மெல்லத் தலையைத் தாழ்த்தியது. தம்பி பெண்டாட்டி மடியில் கை வைத்தாள். வாளியில் சர்ரென்று பால் இறங்கிய சத்தம் அவனுக்கே கேட்டது.

"வந்துடுச்சாக்கா?"

"வந்துடுச்சு. நீ உள்ளே போ!"

எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் போட்டுவிட்டு, வாசலில் யாரைக் கொஞ்சினான் என்பதைத்தான் சபையில் சொன்னானாம். சிரிப்பு அடங்கியதும், "எங்க பக்கம் ஒரு டாக்டர் இருந்தா, நான் ஏங்க போன்ல பால் கறக்கணும்?" என்று கேட்டிருக்கிறான்.

ஆறு மாதத்தில் டாக்டர் வந்துவிட்டார். ஊரே என் தம்பிக்கு மாலை போட்டது. நான் துவைத்திருக்காவிட்டால் வந்திருப்பாரா என்று கேட்டால் மட்டும் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள். நான் வருகிறேன் என்றால் தம்பி பெண்டாட்டி இன்னும் அந்தச் சட்டையை ஒளித்துவைக்கிறாள். வைக்கட்டும். அழுக்கு அழுக்குதான்.