தாம்பாளத்தில் வைத்த கால்

உறையைக் கழற்றப் பார்த்தேன்; அது வரவில்லை. கம்பளி நூலில் பின்னிய அந்த வெள்ளை உறை, ஹவில்தாரின் முழங்காலுக்குக் கீழே எஞ்சியிருந்த காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். முன்னெலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குத் தோலும் உறையோடு வந்துவிட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. வெளியே புதுக் கூடத்தில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நெய் வாசனை அந்த அறைக்குள்ளும் வந்தது. ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் யாராவது என் முன்னால் லட்டுத் தட்டை நீட்டினால் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறேன்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு சிறிய மறுவாழ்வு மருத்துவமனையில் நான் இயன்முறை சிகிச்சை அளிப்பவன். ஹவில்தார் முத்தியால்பேட்டைக்காரர். எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் வலது பாதத்தை இழந்தார். ராணுவ மருத்துவமனையில் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வெட்டி, புண் ஆறியதும் விடுப்பில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் தசையைப் பலப்படுத்தி வீக்கத்தை வற்றவைப்பது என் பொறுப்பு. அதன்பிறகு ராணுவமே அவருக்குச் செயற்கைக் கால் பொருத்தும், மருத்துவக் குழு பரிசோதிக்கும். ஊன்றுகோல் இல்லாமல் நடந்து காட்டினால் ஆயுதக் கிடங்குப் பொறுப்பில் வைத்துக்கொள்வதாக அவருடைய கர்னல் சொல்லியிருந்தார். அதற்குச் சொந்த முழங்கால் வேண்டும். அந்த முழங்காலை நம்பித்தான் அவர் தினமும் காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்குவார்.

முழங்கால் சில்லுக்கு நான்கு விரல் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். தினமும் அதே கோட்டில் டேப் வைத்துச் சுற்றளவு எடுப்பேன். வெட்டுப்பட்ட கால் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும். இரண்டு வாரம் அளவு அசையாமல் நின்ற பிறகுதான் செயற்கைக் காலுக்கு மாவு அச்சு எடுக்க வேண்டும். அவசரப்பட்டால், வெட்டுப்பட்ட கால் உள்ளே நுழையும் கிண்ணம் இன்று கச்சிதமாக இருந்தாலும் அடுத்த மாதம் தொளதொளத்துவிடும். "இன்னிக்கு எவ்ளோ சார் எளைச்சிருக்கேன்? என் பொண்டாட்டி டெய்லி பீச்ல நடக்கறா, ஒரு இஞ்ச் கொறையல" என்பார். அவருடைய பக்கத்து வீட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, 'சொல்தா' என்றே ஊரில் அழைக்கப்பட்ட முதியவர் ஒருவர் இருந்தார். "ஒரே தெரு சார். சொல்தா தாத்தா பிரான்சுக்காக நின்னாரு, நான் இந்தியாவுக்காக நின்னேன். இப்ப ரெண்டு பேராலயும் நிக்க முடியல."

அந்தச் சமயத்தில் ஒரு தொண்டு சங்கம் எங்களுக்குப் புதுக் கூடம் கட்டிக் கொடுத்தது. திறப்பு விழாவில் யாருக்காவது கால் வழங்க வேண்டும் என்றார் சங்கத் தலைவர். சர்க்கரை நோயில் கால் இழந்த ஆறு பேர் வார்டில் காத்திருந்தார்கள். தலைவர் எங்கள் பெரிய டாக்டரோடு ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துவிட்டு, பயிற்சிக்கு வந்திருந்த ஹவில்தாரைக் காட்டி, "மிலிட்டரி ஆளுதான் டாக்டர் எடுப்பா இருப்பாரு" என்றார், பந்தலுக்கு வாழைமரம் பொறுக்குவதைப் போல. ஹவில்தாரின் அளவு வாரத்துக்கு அரை சென்டிமீட்டர் இன்னும் இறங்குகிறது என்று பெரிய டாக்டரிடம் சொன்னேன். "மேடையில நின்னு காட்டினா போதும்யா. அப்புறம் கழட்டி வச்சிடலாம்" என்றார். அச்சு எடுத்தார்கள்.

ஹவில்தார் என்னைத்தான் கேட்டார். "நிக்கலாமா சார்?"

"கொஞ்ச நேரம்தானே. நிக்கலாம்" என்றேன்.

விழா அன்று அந்தக் கால் பித்தளைத் தாம்பாளத்தில் படுத்திருந்தது. ஆயுதபூசையன்று வண்டிக்கு வைப்பதைப் போல அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கணுக்காலில் மல்லிகைச் சரத்தைச் சுற்றியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தார். பிறகு ஹவில்தாரை நாற்காலியில் உட்காரவைத்து, கூடம் முழுவதும் பார்க்க, நான் மண்டியிட்டு அதை மாட்டினேன். கிண்ணம் அதற்குள்ளாகவே தொளதொளத்திருந்ததால் மூன்று உறைகள் போட்டிருந்தேன். படம் எடுப்பவர் கிட்டே வந்து, "சார், மேல வெள்ளத் துணி தெரியுது, அசிங்கமா இருக்கு" என்றார். உறையில் நூலளவு மடிப்புகூட இருக்கக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம். ஹவில்தாருக்கும் அவர் மனைவிக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அன்று நானே அந்தத் துணியைக் கீழே தள்ளிக் கிண்ணத்துக்குள் திணித்தேன். முன்னெலும்பின் மேல் அது சுருண்டு மடிந்ததை என் விரல் உணர்ந்தது. விரலை எடுத்துக்கொண்டேன்.

"பேன்ட்ட கொஞ்சம் மேல ஏத்துங்க, கால் தெரியட்டும்" என்றார் படக்காரர். ஏற்றினார். சால்வை போர்த்தினார்கள். பேச்சுகள் முடியும் வரை அவர் அப்படியே விறைப்பாக நின்றார், ஐம்பது நிமிடம். மேடையில் பேசியவர்கள் தியாகம் என்ற சொல்லைப் பதினொரு முறை சொன்னார்கள். நாற்காலியில் உட்காருங்கள் என்று ஒருவரும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

புண் ஆழமாகிச் சீழ் எலும்புக்குள் இறங்கியது. நாலாவது வாரம் சென்னை ராணுவ மருத்துவமனையில் முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். கிடங்கு வேலை போயிற்று. அவரைப் படையிலிருந்து விடுவித்தார்கள். ஊன்றுகோலை எடுத்துப்போக வந்த அவர் மனைவி என்னைப் பார்த்து, "ஒரு சால்வைய குடுத்துட்டு முட்டிய வாங்கிக்கினீங்களே சார்" என்றார். எங்கள் பதிவேட்டில் பெரிய டாக்டர் 'தோல் ஒவ்வாமை' என்று எழுதினார். அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. கூடத்தில் மாட்டிய படத்தில் விருந்தினர் முழுதாக இருக்கிறார், தாம்பாளம் முழுதாக இருக்கிறது, ஹவில்தாரின் முகத்தில் பாதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

போன வாரம் ஒரு சான்றிதழை நகல் எடுக்க முத்தியால்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். இயந்திரத்துக்குப் பின்னால் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. "வாங்க சார். நீங்க எளைச்சிட்டீங்க போலக்குது" என்று சிரித்தார். தொடையில் மாட்டும் கால் பரணில் கிடக்கிறதாம். கடைக்குள் நகர ஊன்றுகோலே வசதியாம். அவர் நகலை நீட்டியபோது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று உறை மடிந்திருந்தது, எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் தாள்களின் ஓரங்களை மேசையில் தட்டிச் சமன்படுத்தினார்.

"எனக்கும் அப்பவே தெரியும் சார். எலும்புல கல்லு கணக்கா குத்துச்சி. சொல்லிடலாம்னுதான் குனிஞ்சி உங்கள பாத்தேன். நீங்க கேமராவ பாத்துக்கிட்டு இருந்தீங்க."