பக்கத்துக் கையெழுத்து

அன்னத்தாய் அக்கா போய்விட்டார். இன்று காலை, ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் வைத்து... நெஞ்சுவலி.

செய்தி வந்தது எங்கள் 'தலைவர் மெம்பர்கள்' வாட்ஸ்அப் குரூப்பில். பதவி முடிந்த பிறகும் அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை. அக்காதான் அட்மின். அவர் போனிலிருந்தே மகன் போட்டிருந்தான். அக்கா பெயரைப் பார்த்ததும் வழக்கமான குட்மார்னிங் படம் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மம்சாபுரம் தாண்டி உள்ளே போனால் வரும் சின்ன ஊராட்சி எங்களுடையது. ஐந்து வருஷம் அக்கா தலைவர், நான் துணைத் தலைவர்.

ஒரே அணி என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவை எதிர்த்து நின்றவருக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தவள் நான்.

தலைவருக்கு ஊரே ஓட்டுப் போடும். துணைத் தலைவருக்கு என்னைப் போல ஜெயித்து வந்த வார்டு மெம்பர்கள் மட்டும்தான். அதனால் அந்த நாள் வரும்வரை மெம்பர்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் இல்லையா... எங்கள் ஆட்கள் ஒரு வேனைப் பிடித்து எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். சீசனும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓட்டுப் போடும் அன்றைக்கு ஈரத் தலையோடு நேராக ஊராட்சி ஆபீஸ் வாசலில் இறங்கினோம்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "குளிச்சாச்சா எல்லாரும்? மொதல்ல காப்பி குடிங்க. பொறவு என்னையத் தோக்கடிக்கலாம்."

அவர் நிறுத்திய ஆள் தோற்று, ஒரு ஓட்டில் நான் ஜெயித்தேன். காப்பி நன்றாக இருந்தது.

ஊராட்சி செக்கில் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் செல்லாது. பக்கத்தில் துணைத் தலைவரும் போட வேண்டும். தெருவிளக்கோ, குழாயோ, எதுவானாலும் சரி. நாங்கள் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் எங்கள் கையெழுத்து இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஆரம்பத்தில் அக்கா ஊராட்சி செயலரிடம் செக் புக்கைக் கொடுத்து அனுப்புவார். நான் 'எதுக்கு?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். அக்கா அவரிடமே பதில் சொல்லி அனுப்புவார். பாவம் அந்த மனுஷன். "பைக்கு டயர் தேஞ்சு போச்சும்மா, ரெண்டு பேரும் ஒரு இடத்துல உக்காருங்களேன்" என்று கெஞ்சியே விட்டார்.

மறுநாள் செக் புக்கோடு அக்காவே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏட்டி வசந்தி, கீழத்தெரு மோட்டாரு எரிஞ்சு போச்சு. எம்மேல கோவம்னா என்னைய ஏசு, கேட்டுக்கிடுதேன். அங்க அவிய எல்லாம் குடத்தோட நிக்காவ."

போட்டேன். அக்கா உடனே கிளம்பவில்லை. "என்ன கொழம்பு?" என்றார். கொஞ்ச நேரத்தில் என் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒன்றிய ஆபீஸ் மீட்டிங்குக்கு ஒரே பஸ்ஸில்தான் போவோம். ஒரு தடவை ஒரு அதிகாரி அக்காவிடம், "உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார்.

"அவிய ஓட்டுல நிக்கலையே சார். நின்னாலும் தோத்துருவாவ."

மீட்டிங் முடியும்வரை எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்காரரிடமும் அதை அப்படியே சொன்னாராம்... அவரும் ஒத்துக்கொண்டாராம்.

அப்புறம் ஐந்து வருஷம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை. தனி அலுவலர் என்று ஒன்றியத்திலிருந்து ஓர் அதிகாரி பொறுப்புக்கு வந்தார். கையெழுத்தெல்லாம் அவருக்குப் போனது. நான் ராஜபாளையத்தில் பழைய மில் வேலைக்குத் திரும்பினேன்.

ஆனாலும் தண்ணி வரவில்லை என்றால் ஊர் அக்கா வீட்டுக்குத்தான் போகும். "நான் இப்ப தலைவர் இல்லத்தா" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

எனக்கும் போன் வரும். "ஏட்டி, கையெழுத்துப் போட வாரியா?"

அப்படி என்றால் டீ என்று அர்த்தம். மில் விட்டு வரும்போது மடவார் வளாகம் கோயில் பக்கத்துக் கடையில். அக்காவுக்குச் சுகர். சீனி இல்லாத டீ ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, என் டீயில் பாதியைக் குடித்துவிடுவார்.

போன வாரமும் அதே கடை.

"தேர்தல் எப்படியும் வரும்ட்டி. இந்தத் தடவ நீ தலைவருக்கு நில்லு. நான் வார்டுல நின்னு துணைக்கு வாரேன். மாத்திப் போடுவோம்."

"மில்லு வேலைய விட்டுட்டாக்கா? மொதல்ல அறிவிக்கட்டும், பாப்போம்."

"அறிவிச்ச பொறவு யோசிக்க நேரம் இருக்காது. நிக்கியா, நிக்கலியா? ஒத்த வார்த்த சொல்லு."

பஸ் வந்துவிட்டது. "அடுத்த வாரம் சொல்லுதேன்க்கா" என்று ஏறிவிட்டேன். அக்கா கீழே நின்றுகொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னார். "வேன் புடிச்சா இந்தத் தடவ என்னையும் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போவணும், ஆமா."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது அக்கா வீட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். கீழத்தெரு மொத்தமும் இங்கேதான் இருக்கிறது. தனி அலுவலரும் வந்து மாலை போட்டுவிட்டுப் போனார். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "இனி யாருகிட்டம்மா போய்ச் சொல்லுவோம்" என்று அழுகிறார்.

கையிலேயே போனை வைத்திருக்கிறேன். இனி அக்கா அழைக்கமாட்டார் என்று தெரியும். தெரிந்தும்தான்...

போய் வாங்கக்கா.

தலைவருக்கு நிக்கேன்க்கா. பக்கத்துல கையெழுத்துப் போடத்தான் நீங்க இல்ல.