நகர்ந்த குமிழி

கடைசல் எந்திரமான லேத்து, தண்டை ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் கடைந்தால், முதலில் அதன் படுகையை மட்டம் பார்க்க வேண்டும். கடைசல் பிடிக்கும் டர்னரைக் குறை சொல்வது பிறகு. இது விதி. ஏலப்பாறைத் தேயிலைத் தொழிற்சாலையில் தோட்டத்துத் துரை முதலிலேயே டர்னருக்கு வேலைநீக்க நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.

எந்திரம் பார்க்க வந்த நான், லேத்தின் வால்பக்கக் காலடியில் தகடு செருகி, ரசமட்டக் குமிழியை நடுவில் நிறுத்தினேன். பட்டறையைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். காலையில் குமிழி மலைப்பக்கம் ஒதுங்கியிருந்தது. சரிசெய்யச் சரிசெய்ய, மூன்று நாளும் அப்படியே.

“லேத்துல ஒண்ணுமில்லய்யா, தரைதான் நடக்குது,” என்றார் டர்னர்.

“எங்கே?”

“பள்ளத்தப் பாத்துதான். நோட்டீசு அதுக்குல்லா குடுக்கணும்!”

நோட்டீசை நிறுத்தக் கோரி மேலிடத்துக்கு எழுதினேன். ஒரு ஞாயிறன்று, ஆளில்லாத பட்டறை லேத்தோடு ஓடைக்குள் இறங்கியது.

‘டர்னர் தொடரலாம், லேத்தை மறுபடி மட்டம் பார்க்கவும்’ என்று பதில் வந்தது ஆடி அமாவாசையன்று.