துரோகி என்று எழுதிய தீர்மானம்

எங்கள் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் ஓர் உரக்கடையின் மாடியில் அறை. மாதம் ஒரு ஞாயிறு கூட்டம். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கேன்டீனில் எந்தச் சரக்கு வரவில்லை, சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற எந்தப் பள்ளிக்கூடம் யாரை அழைத்தது, யாரை அழைக்காமல் அவமானப்படுத்தியது, இவைதான் பேச்சு. 'தேசம் காத்த சிங்கங்கள்' என்று ஃபிளக்ஸ் அடித்துக்கொண்டவர்கள், மிக்சர் தட்டு தங்கள் பக்கம் வரவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். நான் அந்தச் சிங்கங்களின் செயலாளர். ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு துரோகி கிடைத்தான்.

சித்தேரி மலையடிவாரத்துக் கிராமத்துக்காரன். அவனும் என்னைப் போல கிளார்க்தான், ஹவில்தார். நாற்பது வயது ஆகியிருக்காது. பணியில் இருப்பவர்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வது எங்கள் வழக்கம் என்பதால் லீவில் வந்தபோது சேர்ந்திருந்தான். வரும்போதெல்லாம் சங்கத்துப் பெரியவர்களுக்கு பென்ஷன் மனு, மருத்துவ அட்டை விண்ணப்பம் எல்லாம் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பான். பாதிப் பேருடைய காகிதம் அவன் கைபட்டதுதான்.

வடக்கே ஒரு மலைப்பாதையில் அவனுடைய யூனிட் லாரி பள்ளத்தில் உருண்டது. டிரைவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிப்பாயும் செத்துப்போனார்கள். விசாரணை வைத்து, டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். செத்தவன் எழுந்துவந்து மறுக்கப்போவதில்லை என்பதால் இப்படிப்பட்ட முடிவுகள் சீக்கிரம் கிடைத்துவிடும். ஆனால் இவன் மேசையில் இருந்த கோப்பு வேறு கதை சொன்னது. பிரேக் பிடிக்கவில்லை என்று அந்த டிரைவர் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தான். மூன்றாவது காகிதத்தின் ஓரத்தில் ஓர் அதிகாரி, வண்டி ஓடட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மேலே ரகசியம் என்று முத்திரை. இவன் அந்தப் பக்கங்களை மொபைலில் படமெடுத்து டிரைவரின் மனைவிக்கு அனுப்பிவிட்டான். அவளுடைய அண்ணன் அதைப் பத்திரிகைக்குக் கொடுத்தார்.

டிரைவர் மேல் எழுதிய குற்றத்தை அழித்தார்கள். கூடவே, இவனை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி எட்டு மாதம் சிறையில் போட்டு, வேலையையும் பென்ஷனையும் பறித்து ஊருக்கு அனுப்பினார்கள். ஓரத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு கண்டனக் கடிதம். அது அவருடைய அலமாரியில் எங்கேயாவது தூங்கிக்கொண்டிருக்கும்.

அவன் ஊர் வந்த மறு மாதமே, அவனைச் சங்கத்திலிருந்து நீக்குவதற்காகத் தலைவர் கூட்டம் போட்டார். தலைவர் கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றவர். சேவைக்காலம் முழுவதையும் ரேஷன் ஸ்டோரில் கழித்தவர். அவர் வாழ்நாளில் எதிர்கொண்ட ஊடுருவல் எலிகளுடையது மட்டும்தான். ஆனால் மைக் பிடித்தால் எல்லையில் நிற்பது போலத்தான் பேசுவார். அந்தச் சின்ன அறைக்கு மைக் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஆளாளுக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பிச்சா அப்பறம் ராணுவம் எதுக்குங்க? நம்ம காலத்துல கழுத்த அறுத்தாலும் வாயத் தொறந்திருப்பமா?" என்றார்.

அவர் வாயைத் திறக்காத விஷயங்கள் பெரும்பாலும் சர்க்கரை மூட்டை பற்றியவை. அது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பின்வரிசையில் கால் ஊனமான ஒரு பழைய சிப்பாய் இருந்தார். எங்கள் கூட்டத்தில் உண்மையிலேயே குண்டடி பட்டவர் அவர் ஒருவர்தான். அதனாலேயோ என்னவோ அவர் அதிகம் பேசமாட்டார். அன்று கேட்டார்:

"தலைவரே, அந்தக் காயிதத்துல பிரேக்கு இல்லன்னுதான எழுதியிருக்குது? அத எதிரிக்காரன் படிச்சா என்னாங்க ஆவும்? நம்ம வண்டி வந்தா ஒதுங்கி நிப்பான்."

ரெண்டு பேர் சிரித்தார்கள். "இது சிரிக்கிற விசயமில்லீங்க," என்றார் தலைவர். சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். நான் சிரிக்கவே இல்லை. பேனாவைத் திறந்து, தீர்மானத்தின் வாசகத்துக்காகக் காத்திருந்தேன்.

அப்போது மாடிப்படியில் ஒரு பெண் ஏறி வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மூச்சு வாங்கியது. கையில் ஒரு துணிக்கடைப் பை.

"இங்கதானுங்களா மீட்டிங்கு?"

"யாரும்மா வேணும்?"

"பென்னாகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வர்றேனுங்க. லாரி டிரைவரு சம்சாரம். அந்த ஃபோட்டோ அனுப்பிச்சாருங்களே, அந்த அண்ணனுக்கு இன்னிக்கு சங்கத்துல ஏதோ செய்யறாங்கன்னு எங்க அண்ணன் வாட்சப்புல பாத்துட்டு சொன்னாரு. பாராட்டா இருக்கும்னு பஸ்ஸேறி வந்துட்டேன். அவரு இன்னும் வரலீங்களா?"

பையிலிருந்து ஒரு சால்வையின் ஜரிகை தெரிந்தது.

அந்த ஒரு நிமிஷம் எங்கள் சங்கத்து முகங்களை வரிசையாகப் பார்த்தேன். ஒருவர் மொபைலை எடுத்துப் பார்த்தார். ஒருவர் செருப்பைத் தேடினார். கழுத்தை அறுத்தாலும் வாய் திறக்காத தலைவருக்கு மட்டும் உடனே வாய் வந்தது.

"வாம்மா, வந்து உக்காரு. எல்லாரும் எந்திரிங்க. வீர மரணம் அடைஞ்சவரோட மனைவி நம்ம சங்கத்துக்கு வந்திருக்காங்க."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். எந்த எம்.எல்.ஏ. வந்தாலும் போர்த்தலாம் என்று பீரோவில் வைத்திருந்த சால்வையை எடுத்துவரச் சொல்லி, அதை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அவள் மலங்க மலங்க விழித்தாள். பிறகு, கேட்டவர்கள் யாரும் இல்லாவிட்டாலும், சொன்னாள்:

"ஊருல எங்க வூட்டுக்காரரு குடிச்சிட்டு ஓட்டுனாருன்னு பேசுனாங்க. கூட செத்தாரே, அவரோட அம்மா ஃபோன் போட்டு, எம் மவன உம் புருசன் கொன்னுட்டான்னு சாபம் வுட்டாங்க. நானும் அப்படித்தான் போலன்னு நெனச்சிட்டிருந்தேனுங்க. ஃபோட்டோ வந்தப்பறம் அந்தம்மாவே திரும்பக் கூப்பிட்டு அழுதாங்க. இதுக்காக அந்த அண்ணன் ஜெயிலுக்குப் போயிட்டாருன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். ஒரு வார்த்த நேர்ல சொல்லிட்டுப் போவலாம்னுதான்..."

"அவருக்கு ஒடம்பு செரியில்லம்மா," என்றார் தலைவர், கண்கூடச் சிமிட்டாமல். "வர முடியலன்னு சொல்லிட்டாரு."

அவள் தன் பையை என்னிடம் நீட்டினாள். மேசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்ததால் நான்தான் பொறுப்பான ஆள் என்று நினைத்திருப்பாள். "நீங்க அவருகிட்ட குடுத்துருங்கண்ணா." வாங்கிக்கொண்டேன். அவனுடைய வீடு பத்து கிலோமீட்டர்தான், இன்ன பஸ் போகும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவளுடைய செருப்புச் சத்தம் படியில் இறங்கி முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம். பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார். "செரி, தீர்மானத்துக்கு வருவோம்."

கைகள் உயர்ந்தன. அவன் யாருக்கெல்லாம் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்தானோ அவர்களுடைய கைகளும்தான். பழைய சிப்பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே தன் கையையும் பாதிக்குத் தூக்கினார். தலைவர் வாசகம் சொன்னார், நான் எழுதினேன். இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "துரோகச் செயல்னு போடட்டுங்களா, துரோகின்னே போடட்டுங்களா?" அன்று என் மனசாட்சி காட்டிய வீரம் அவ்வளவுதான். "துரோகின்னே போடுங்க," என்றார். போட்டேன். நோட்டில் ஒரு பக்கம் வீரரின் மனைவிக்கு மரியாதை செய்த குறிப்பு, அதற்கு அடுத்த பக்கம் இது. இரண்டும் அழகான எழுத்தில்.

மறுநாள் தீர்மான நகலையும் சால்வைப் பையையும் எடுத்துக்கொண்டு வண்டியில் போனேன். அவன் மஞ்சள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தான். முதலில் சால்வையைக் கொடுத்து, அவள் வந்ததையும் சொன்னதையும் சொன்னேன். பிரித்துப் பார்க்காமல் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டான். பிறகு காகிதத்தைக் கொடுத்தேன். நின்றபடி முழுவதும் படித்தான்.

"எழுத்து நல்லா இருக்குதுங்கண்ணா. நீங்க எழுதுனதா?"

"ஆமா தம்பி."

பெற்றுக்கொண்டதற்குச் சங்கத்தின் நகலில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நான்தான் பேச்சை வளர்த்தேன். இவ்வளவு தண்டனை அநியாயம் என்று, முந்தின நாள் துரோகி என்று எழுதிய நானே சொன்னேன்.

"தண்டன குடுத்தது தப்பில்லீங்க," என்றான். "மேல ரெண்டு தடவ எழுதிப் பாத்தேன், பதிலில்ல. அப்பறந்தான் அனுப்பினேன். அவசரத்துல, யூனிட் வண்டிங்க எந்த வழியா எந்த நேரம் போகும்னு போட்ட பக்கத்தையும் சேத்து எடுத்துட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆவல, ஆனா ஆயிருக்கலாம். சத்தியம் பண்ணிட்டு மீறுனா அனுபவிக்கத்தான் வேணும். எட்டு மாசம் இருந்தேன். ஓரத்துல கையெழுத்துப் போட்டவரு எத்தன மாசம் இருந்தாருன்னு கேட்டேன். அதுக்குத்தான் எவனும் பதில் சொல்லல."

தண்டனை நியாயமா என்று ஊர் ஊராகப் பட்டிமன்றம் நடத்தலாம். அதில் பேச எங்கள் தலைவரைப் போல ஆயிரம் பேர் கிடைப்பார்கள். மீறியவனை ஜெயிலில் போடு, சரி. ஆனால் ரெண்டு பேரைக் கொன்ற பேனாவுக்கு ஒரு கடிதம் போதும் என்று இருக்கிற நியாயத்துக்கு நாங்கள் எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறோம். காரணம், அந்தப் பேனாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நாங்கள் சேவையை முடித்தவர்கள்.

அந்த வரப்பில் நின்று, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன். பல வருடங்களுக்கு முன், ஒரு பாலைவன முகாமில், காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்த ஒரு சிப்பாயை வெயிலில் மூட்டையோடு ஓடவிட்டார்கள். விழுந்து செத்தான். அவன் கொடுத்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, உடல்நிலை பற்றி அவன் எதுவும் தெரிவிக்கவில்லை என்று புதிதாக டைப் அடிக்கச் சொன்னார்கள். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். அந்த வருடம்தான் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அவன் கேட்டான்: "செத்தவரு எந்தூருங்க?"

"ஊத்தங்கரை பக்கம்."

"வூட்டாளுங்க இருக்காங்களா?"

"அம்மா இருக்கறதா கேள்வி."

"போய்ச் சொன்னீங்களாண்ணா?"

"இல்ல தம்பி."

அவன் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தான். தண்ணீர் அடுத்த பாத்திக்குத் தாண்டிவிட்டது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

செயலாளர் பதவியை நான் உதறித் தள்ளினேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பதவிக்காலம் முடியும்வரை இருந்து, மாலை வாங்கிக்கொண்டுதான் இறங்கினேன். தலைவர் இன்னும் தலைவராகவே இருக்கிறார். அவளோடு எடுத்த படத்தைப் பெரிதாக்கி அறையில் மாட்டியிருக்கிறார்.

ஊத்தங்கரைக்கு அரூர் வழியாக பஸ் இருக்கிறது. விசாரித்து வைத்திருக்கிறேன். எனக்கு அறுபத்து நான்கு வயது. அந்த அம்மாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். இன்னும் போகவில்லை.