அண்ணனின் கம்ப்யூட்டர் திரை எழவில்லை

அண்ணன் இறந்து இருபது நாளாகிறது. பாதி வரைந்த பம்பு வரைபடத்தோடு அவர் விட்டுப்போன கம்ப்யூட்டரை அண்ணி இன்னும் அணைக்கவில்லை. அணைத்தால் பாஸ்வேர்டு கேட்கும். அது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணி தினமும் காலையில் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டித் திரையை எழுப்பி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார்.

இன்று எழவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

கணபதி பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போய் மானிட்டர் வயரைக் கழற்றி மாட்டினேன். சிபியூவில் விளக்கு எரிகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. மவுசை ஆட்டப் போனேன்.

"மவுசைத் தொடாதீங்க தம்பி. அம்புக்குறி அவரு வெச்ச எடத்துலயே நிக்குதுங்க."

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, பவர் பட்டனைப் பத்து செகண்டு அமுத்திப் புடிச்சு ஆஃப் பண்ணிப்போட்டு, திருப்பி ஆன் பண்ணுங்க. வந்துருமுங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி பவர் பட்டனை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

நாளை அந்தப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணிக்கு கரண்ட் போனால் மாலைதான் வரும். யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும்.

அணைக்காமல் திரையை எழுப்பத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'ரீஸ்டார்ட் பண்ணு' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அண்ணியும் இதைப் படிப்பார்.