நான்கு ஆண்டெனாக்களும் ரப்பர் ஷீட் கொடியும்

களியக்காவிளையில் கணவரோடு பஸ்ஸுக்கு நிற்கையில் ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ரேடியோ ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் அவர் குவைத்தில் இருந்தார். பாலிடெக்னிக் படிப்பும், வீட்டிலிருந்தே வானலையில் பிறரோடு பேசும் ஹாம் ரேடியோ உரிமமும் வைத்திருந்த எனக்கு வேலைக்குப் போக அனுமதியில்லை. கேட்டபோதெல்லாம் போனில் ஒரே பதில்தான்: "உனக்கு என்ன கொறச்சல்? வேணும்னா மாடில இருந்து அந்த ரேடியோவ நோண்டு. வெளிய போவாண்டாம், கேட்டியா."

மூச்சு முட்டியது. என் குரலாவது வெளியே போகட்டும் என்று மாடியேறினேன்.

மாடியோ மாமியாரின் ராஜ்ஜியம். கொடி கொடியாக ரப்பர் ஷீட் காயும். மிச்சமிருந்த மூலையில், செயற்கைக்கோள் வழியாக வரும் பதில்களைக் கேட்க நான்கு ஹெலிக்கல் ஆண்டெனாக்களை நட்டேன். பிளாஸ்டிக் குழாயில் ஸ்பிரிங் போலச் சுற்றிய செம்புக் கம்பி, அடியில் கோழிக்கூட்டு வலை, அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் வானத்தைப் பிடித்துக்கொள்ளும். நெருக்கினால் ஒரே துண்டுக்கு நாலும் அடித்துக்கொள்ளும். தெரிந்தும், இடமில்லாமல் வலைகள் உரசும்படி வைத்தேன். முதல் வகுப்பில் தேறியவளின் லட்சணம் அது. வெறும் இரைச்சல்தான் கேட்டது. ஒருநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அங்கேயே அழுதேன்.

ஷீட் எடுக்க வந்த மாமியார் பார்த்துவிட்டார்.

"என்னத்துக்குட்டி அழுக?"

"இது தள்ளித் தள்ளி நிக்கணும் மாமி. எடமில்ல."

அவர் தன் கொடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த ரெண்டு கொடியையும் அவுத்துப் போடு. அவன் கேட்டா நான் சொல்லிக்கிடுகேன்."

நான்கையும் பரப்பி வைத்தேன். மறுநாள் செயற்கைக்கோள் தலைக்கு மேல் போன சில நிமிடங்களில் கூப்பிட்டேன். இலங்கையிலிருந்து ஒரு பெண் என் அழைப்புக்குறியைத் திரும்பச் சொன்னாள். நான் கன்னியாகுமரி என்றதும் தமிழுக்கு மாறினாள். "வடிவாக் கேக்குது, தங்கச்சி." தெளிவாகக் கேட்கிறதாம்.

"யாருட்டி அவ?" என்றார் மாமியார்.

"இலங்கைல ஒரு அக்கா."

"அவளும் மாடிலதான் நிக்காளா?"



மாமியார் காலமான பிறகு கணவர் ஊரோடு வந்துவிட்டார். மழை ஒழுகுகிறதென்று மாடிக்குத் தகரக் கூரை போட்டார். ஆண்டெனாக்களைக் கூரைக்கு மேல் வைக்கலாமே என்றேன். "இனி அது எதுக்கு? நாந்தான் வந்தாச்சே" என்றார். ரப்பர் தோட்டத்தை விற்றோம். ஷீட்டும் இல்லை, கொடியும் இல்லை. இன்று மாடி முழுக்கக் காலி. நாலென்ன, எட்டு ஆண்டெனாக்களை வேண்டிய தூரம் தள்ளித் தள்ளி வைக்கலாம். வானம்தான் இல்லை.